தொடாதே மெக்கானிக்கின் வலது கை

என் அத்தானுக்கு வேலையிடத்தில் 'தொடாதே' என்றுதான் பெயர். அவர் லிஃப்ட் மெக்கானிக். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் ஒவ்வொரு மாடிக்கும் போய், தான் சொல்லாமல் யாரும் பட்டனைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் கூண்டின் கூரைமேல் ஏறுவார். வீட்டில் மிக்ஸியைக் கழற்றினாலும் இதே பாட்டுதான். மூச்சு விடவாவது அனுமதி உண்டா என்று நான் கிண்டல் செய்வேன். சிரிக்கவே மாட்டார், மனுஷன்.

அப்படிப்பட்டவரைத்தான் யாரோ ஓர் அவசரக்காரர் சுவிட்சைப் போட்டுப் பட்டனையும் அழுத்தி லிஃப்ட் பள்ளத்தில் விழவைத்தார். கழுத்தில் தண்டுவடம் நசுங்கிவிட்டது. தோளைத் தூக்குவார், முழங்கையை மடக்குவார். விரல்களிலும் கால்களிலும் அசைவு போனது போனதுதான், பாதத்தைத் தொட்டாலும் அவருக்குத் தெரியாது. வாய் மட்டும் பழையபடி.

மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் காலையில் அக்கா ஈரத்துணியால் அவருடைய இடது பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் தலைமாட்டில் நின்று அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். போர்வைமேல் கிடந்த வலது கை விரல்களை மடக்கிக்கொண்டது. அக்கா கை நின்றது. மறுபடி துடைத்தாள். மறுபடி மடங்கியது.

கை வந்துவிட்டது என்று அக்கா அழுதாள். நான் அத்தான் முகத்தைப் பார்த்தேன். சோப்பு நுரைக்குள் அது வெளிறிப்போயிருந்தது.

"நான் மடக்கல," என்றார்.

அன்றிலிருந்து அந்தக் கை எங்கள் வீட்டில் இன்னொரு ஆளாகிவிட்டது. போர்வை கால்விரலில் உரசினால் மடங்கும். ஒருமுறை அவருடைய சூப்பர்வைசர் கால்மாட்டில் நின்று, பாதத்தைத் தட்டித் தட்டி ஆறுதல் சொன்னார். ஒவ்வொரு தட்டுக்கும் அந்தப் பக்கம் கை மூடித் திறந்தது. பேச்சு அப்படியே தேய்ந்துபோய், டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

பிசியோதெரபி செய்ய வரும் பெண் பொறுமையாக விளக்கினாள். அடிபட்ட இடத்துக்குக் கீழே மூளையின் கட்டளை சரியாகப் போய்ச் சேருவதில்லை. காத்துக் கிடக்கும் நரம்புகள் தங்களுக்குள்ளேயே புதுத் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டிருக்கலாம். காலைத் தொட்டால் கை பதில் சொல்கிறது, அவருக்குத் தெரியாமலே. சில சமயம் பிடி உடனே விடாது, பயப்பட வேண்டாம் என்றும் சொன்னாள். அத்தானுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ரெண்டாம் மாடியில் அழுத்தினால் ஏழாம் மாடிக் கதவு திறக்கிற கேஸ் என்றார்.

அக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலங்களில் அத்தான் கண்ணயர்ந்திருக்கும்போது கட்டில் நடுவில் உட்கார்ந்து, ஒரு கையால் அவர் பாதத்தைத் தேய்த்தபடி மறு கையை அவர் கைக்குள் வைப்பாள். "என்னைப் புடிக்கிறாருடி," என்பாள் என்னிடம். ஒருநாள் அத்தான் கண்விழித்துப் பார்த்துவிட்டார்.

"அது நான் இல்ல. அதுகிட்ட உன் கையைக் கொடுக்காத."

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அந்தக் கட்டிலில் அவள் உட்காரவே இல்லை. வேளாவேளைக்கு எல்லாம் நடந்தது, பேச்சு மட்டும் இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. தொடாதே, தொடாதே என்று சொல்லியே கட்டினவளையும் தூரத் தள்ளிவிட்டாரே என்று உள்ளுக்குள் கறுவினேன்.

போன வாரம் மத்தியானம் அக்கா விரிப்பு மாற்றினாள். அவருடைய வலது கையை ஓரம் வைக்கவேண்டியிருந்தது. மணிக்கட்டை இரண்டே விரலால் நுனியில் பிடித்துத் தூக்கி, வைத்தவுடன் தன் விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் அந்தக் கையைக் கண்டு பயம் வந்துவிட்டது. அத்தான் அதைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கால்மாட்டில் நிற்கச் சொன்னார். அக்காவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, கையைக் கொடு என்றார்.

அவள் தயங்கித் தயங்கிக் கொடுத்தாள்.

"நான் சொல்றவரைக்கும் தொடாத," என்றார் என்னிடம். கண்ணை மூடிக்கொண்டார். "ம்... இப்ப தொடு."

அவருடைய இடது பாதம் சில்லென்றிருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே அழுத்தினேன். கட்டிலின் அந்தக் கோடியில் என் அக்காவின் விரல்கள் அவர் பிடிக்குள் நசுங்கி வெளுத்தன.

"இது நான்," என்றார் அவளிடம். "நான் சொல்லித்தான் புடிச்சுது."

அக்கா வாயைத் திறந்து அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, போதும், எடு என்றார். எடுத்தேன். இரண்டடி பின்னால் தள்ளியும் நின்றுகொண்டேன்.

கை விடவில்லை. இன்னும் இறுகியது.

"எடுத்துட்டியா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

சும்மா தொங்கிய என் இரண்டு கைகளையும் அக்கா பார்த்தாள். வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையாட்டினாள்.

"இல்ல அத்தான்," என்றேன். "இன்னும் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."