மங்கை டீச்சரின் துணிப் பொம்மைகள்

வடசென்னையின் சடையங்குப்பத்தில் மங்கையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பொம்மை டீச்சர் என்றால்தான் தெரியும். எர்ணாவூர் குடியிருப்பிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து பால்வாடி வாசலில் இறங்கும்போது கையில் ஒரு கட்டைப்பை இருக்கும். அதற்குள் பழைய நைட்டியில் தைத்த நாய், பனியன் கழிவு திணித்த கரடி, இரண்டு காதும் ஒரே அளவில் அமையாத யானை.

தையல் அவளுக்குப் புதிதல்ல. கல்யாணமான புதிதில் ராயபுரத்தில் ஒரு துணிக் கம்பெனியில் தைத்தவள்தான். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் கன்டெய்னர் லாரி மோதிக் கணவன் போனான். குழந்தையும் இல்லை. தாலியை இழந்ததைவிடப் பிள்ளை பெறாததற்குத்தான் அவன் வீட்டார் அவளை அதிகமாக ஏசினார்கள். பிறகு எப்படியோ பால்வாடி வேலை கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். அங்கே பேசிய அம்மாள், "பெரியவங்ககிட்ட சொல்ல முடியாததைக் குழந்தை பொம்மைகிட்ட சொல்லும். அது விளையாடும்போது குறுக்கே பேசாதீங்க, கூட உட்காருங்க, போதும்" என்றார். மற்றவர்கள் சாப்பாட்டு நேரத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். மங்கைக்கு அந்த வார்த்தை பிடித்துக்கொண்டது. அன்று பொம்மை தைக்க ஆரம்பித்தவள்தான். யாரைக் கண்டாலும் கடித்து வைக்கும் பிள்ளை, கரடிக்குச் சத்துமாவு உருண்டை ஊட்டப் பழகியது. வாயைத் திறக்காத பிள்ளைகள் நாய்க்குக் கண்ணைக் காட்டி, மூக்கைக் காட்டிப் பேச்சுக்கு வந்தன. இதற்கெல்லாம் யாரும் அவளைப் பாராட்டியதில்லை. "இன்னா டீச்சர், எப்பப் பாரு பொம்மையே வெச்சிகினு குந்திகினுகீற, ஏபிசிடி சொல்லித் தர மாட்டியா?" என்றுதான் கேட்டார்கள்.

பிறகு அந்த டிசம்பர் மழை வந்தது. சடையங்குப்பம் எப்போதும் முங்குகிற ஊர்தான். ஆனால் அந்த வருஷம் ஆலைக் கழிவு எண்ணெய் மிதக்கும் கறுப்புத் தண்ணீர் இடுப்புவரை ஏறியது. தண்ணீர் வடிந்து பால்வாடி திறந்தபோது, வினிதாவின் மகள் மதி பேச்சை விட்டிருந்தாள். நாலு வயசுக்கு ஊரையே விலைபேசுகிற வாய் அவளுக்கு. இப்போது அழுவதற்குக்கூட அது திறக்கவில்லை.

"தம்பி ஜுரத்துல பூட்டான்ல, அந்த ஏக்கம் டீச்சர்" என்றாள் வினிதா. எட்டு மாதக் கைக்குழந்தை. வெள்ளம் வடிந்த வாரம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தது. சொல்லும்போது வினிதா மங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

மங்கை மதியை ஒன்றும் கேட்கவில்லை. பொம்மைகளை அவள் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மதி யானையை மட்டும் எடுத்தாள். கை கழுவும் வாளியண்டை போய் அதைத் தண்ணீரில் அமுக்கினாள். வெளியே எடுத்துத் துடைத்தாள். மறுபடியும் அமுக்கினாள். தினமும் இதுவே நடந்தது. ஆயா திட்டினாள். மங்கை தடுக்கவில்லை. ஈர யானையைச் சாயங்காலம் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுப் போவாள்.

ஒரு நாள் மதி கரடியையும் எடுத்தாள். கரடியின் இடுப்பில் யானையை வைத்தாள். கரடியைத் தண்ணீரில் நடக்கவிட்டாள். யானை நழுவி விழுந்தது.

"அம்மா வுட்டுட்ச்சி" என்றாள்.

மங்கைக்கு, குழந்தை பேசிவிட்டது என்கிற சந்தோஷம் முதலில் வந்தது. என்ன பேசியது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகளோடு அந்தத் தண்ணீரில் வினிதா தனியாக நடந்திருக்கிறாள். அவள் புருஷன் டில்லிபாபு அப்போது மணலியில் கன்டெய்னர் யார்டில் மாட்டிக்கொண்டிருந்தான். கால் சறுக்கியிருக்கிறது. குழந்தையைத் தண்ணீரிலிருந்து தூக்கியும் இருக்கிறாள். அதற்குப் பிறகுதான் ஜுரம்.

மங்கை யாரிடமும் மூச்சுவிடவில்லை. வினிதாவிடமும் சொல்லவில்லை. அவளோ அந்த வாரத்தில் ஓடி வந்தாள். "டீச்சர், நேத்து வூட்ல தோச கேட்டா டீச்சர்! நீ நல்லா இருப்ப!" என்று மங்கையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மதியின் விளையாட்டும் மெல்ல மாறியது. யானைக்குத் தலை துவட்டினாள். போர்த்தித் தூங்க வைத்தாள். வாளிப் பக்கம் போவது குறைந்தது.

அந்த நேரத்தில்தான் ஐரீன் வந்தாள். வெள்ள நிவாரணம் கொடுக்கிற ஒரு டிரஸ்ட்டிலிருந்து வந்த சின்னப் பெண். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "இந்த பொம்மைங்கள எதுக்குக்கா செஞ்சீங்க?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் மங்கையை அப்படிக் கேட்ட முதல் ஆள். மங்கை பூரித்துப்போனாள். பயிற்சியில் கேட்டது, தான் கண்டது எல்லாவற்றையும் கொட்டினாள்.

"இதோ இந்தக் கொயந்த வாயே தொறக்கல. இப்ப பாரு. மதி, யானைக்கு இன்னா ஆச்சி? அக்காவுக்குக் காட்டு."

மதி காட்டினாள். கரடி, வாளி, யானை எல்லாம். வாய்விட்டும் சொன்னாள். ஐரீன் போனைப் பிடித்துக்கொண்டே அழுதாள். அவள் படம் எடுப்பது மங்கைக்குத் தெரியாமல் இல்லை. தன்னைப் பற்றி நாலு பேர் தெரிந்துகொள்ளட்டுமே என்று நினைத்தாள். வேறெதுவும் அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

வீடியோவில் சோகமாக ஒரு வயலின் சேர்த்திருந்தார்கள். குழந்தையின் முகத்தை மறைத்திருந்தார்கள். ஆனால் குரலை எப்படி மறைப்பது? பால்வாடிச் சுவரை எப்படி மறைப்பது? ஒரே நாளில் அது சடையங்குப்பத்தின் எல்லாப் போன்களிலும் ஓடியது.

டில்லிபாபு வினிதாவைத் தெருவில் இழுத்துப்போட்டு அடித்தான். "எம்புள்ளைய தண்ணில போட்டுட்டு ஜுரம்னு சொல்லிகினு இருந்தியாடி?" என்று கத்தினான். மாமியார் மண்ணை வாரித் தூற்றினாள். தடுக்கப் போன மங்கையை, "நீதான எடுத்துக் குட்த்த, இப்ப எங்க வந்த?" என்று கேட்டு ஒருத்தி தள்ளிவிட்டாள்.

மறுநாள் வினிதா பால்வாடிக்கு வந்தாள். உதடு கிழிந்திருந்தது. அவள் சத்தம் போடவில்லை.

"டாக்டர் நிமோனியான்னுதான் சொன்னாரு. தண்ணி குட்சதாலயா, குளுராலயான்னு அவருக்கே தெர்ல. நானே தினிக்கும் கேட்டுகினு கீறேன் டீச்சர். இவளாவது வாய் தொறக்கணும்னுதான் உங்கிட்ட வுட்டேன். ஊருக்குப் படம் காட்டவா வுட்டேன்?"

மங்கை அவள் காலில் விழுந்திருப்பாள். வினிதா அதற்கு நிற்கவில்லை. மதியின் செருப்பைத் தேடி எடுத்து, அவளையும் கூட்டிக்கொண்டு புழலில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மங்கை ஐரீனுக்குப் போன் போட்டு ஏசினாள். ஐரீன் விம்மினாள், மன்னிப்புக் கேட்டாள், வீடியோவை நீக்கியும் விட்டாள். வாட்ஸ்அப்பில் போனதை யாரால் எடுக்க முடியும்? அடுத்த வாரம் டிரஸ்ட்டிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. முழுக்கப் புத்தம்புது டெட்டி பொம்மைகள். சூப்பர்வைசர் அம்மா வந்து, உங்க சென்டருக்கு நல்ல பேரு என்று சொல்லி, பெட்டிக்குப் பக்கத்தில் மங்கையை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாள். மங்கை சிரித்தாள். சிரிக்கச் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் புழலுக்குப் போனாள். வினிதா கதவை மூடவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு மதி நின்றாள்.

"மதி, டீச்சர் வந்துகீறேன்டா."

மதியின் வாய் லேசாகத் திறந்தது. உடனே தலையைத் தூக்கி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். பேசத் தெரியாமல் மூடியதல்ல அது. பேசினால் என்ன ஆகும் என்று தெரிந்து மூடியது.

மங்கை இன்னும் அதே பால்வாடியில்தான் இருக்கிறாள். பொம்மைகளும் இருக்கின்றன. போன வாரம் ஒரு பொடியன் இரண்டு டெட்டிகளை எதிரெதிரே உட்கார வைத்து, ஒன்றால் மற்றதை மொத்திக்கொண்டே, "துட்டு எங்கடி வெச்ச, சொல்லு, இன்னா..." என்று ஆரம்பித்தான். முன்பென்றால் மங்கை அவன் பக்கத்தில் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பாள். இப்போது ஒருமுறை வாசலைப் பார்த்தாள். எழுந்து கையைத் தட்டினாள்.

"வெளாண்டது போதும். எல்லாரும் குந்துங்க. ஏ ஃபார் ஆப்பிள் சொல்லுங்க."