முப்பத்தெட்டு வயதில் பத்தாம் வகுப்பு ஹிந்தி

கணவருக்கு டெல்லிக்கு மாற்றல் வந்தபோது நான் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. டீச்சருக்கு எந்த ஊரில் வேலை இல்லை? பிள்ளைகள் இருக்கிற இடத்தில் பள்ளிக்கூடம் இருக்கும், பள்ளிக்கூடம் இருக்கிற இடத்தில் எனக்கு ஒரு நாற்காலி இருக்கும். இப்படி நினைத்துக்கொண்டுதான் தென்காசியிலிருந்து கிளம்பினேன். பதினோரு வருஷம் ஒரு தனியார் பள்ளியில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை மேய்த்தவள் நான். ஆசிரியர் பயிற்சி முடித்தவள். எங்கள் மாநிலத் தகுதித் தேர்வில் முதல் தடவையிலேயே தேறியவள். அந்தச் சான்றிதழை ரயிலில் நகைப் பையோடு சேர்த்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பெட்டி படுக்கை போனால் போகட்டும் என்கிற அளவுக்கு அதன்மேல் எனக்குப் பிரியம்.

மயூர் விஹாரில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு வீடு பிடித்தோம். பால் காய்ச்சிய மறுவாரமே பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குப் போய்விட்டேன். அலுவலகத்தில் இருந்த அம்மாள் என் சான்றிதழை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஆங்கிலத்தில் மிகவும் அன்பாகத்தான் சொன்னார், இது உங்கள் மாநிலத்துக்கானது, இங்கே செல்லாது என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்லாது என்றால்? தென்காசியில் வாங்கின ஐந்நூறு ரூபாய் நோட்டு இந்த ஊர்க் காய்க்காரரிடம் செல்லுகிறது, நான் கண்விழித்துப் படித்துத் தேறியது மட்டும் செல்லாதா? அதை அந்த அம்மாளிடம் கேட்க எனக்கு அப்போது பாஷை போதவில்லை.

இன்னொரு பள்ளியில் முதல்வர் நேரடியாகவே கேட்டார், ஹிந்தி தெரியுமா என்று. தெரியாது, ஆங்கிலம் நன்றாக வரும் என்றேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வயிற்று வலி என்று அழுதால் ஆங்கிலத்திலா அழும் என்றார். சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன்பிறகு அழுகை. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே அழுதேன். எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரெதிர் பிளாட்டில் ஒரு டீச்சர் இருந்தார். காலையில் கஞ்சி போட்ட பருத்திப் புடவையை நீவிவிட்டபடி அவர் படியிறங்குவதைப் பார்த்தால் போதும், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பட்டாணி உரித்துக்கொண்டே அழுவேன், துணி மடித்துக்கொண்டே அழுவேன். ஊரில் பள்ளி விட்டு வந்ததும் தொண்டை கட்டிப்போய்க் கிடப்பேன், பேசவே பிடிக்காது. இங்கே மாலை வரை பேச ஆளில்லாமல் தொண்டை சும்மாவே கிடந்தது. கணவர் ஆபீசிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நிற்பார்.

நடுவில் மத்திய அரசின் தகுதித் தேர்வு ஒன்று வந்தது. அதில் தேறினால் டெல்லியிலும் செல்லும் என்றார்கள். அழுகையோடு அழுகையாகப் படித்து எழுதினேன். முதல் மொழி எது என்று கேட்டதற்குத் தமிழ் என்று போட்டேன். வேறென்ன போடுவேன்? தேர்வு அறையில் என் ஒருத்திக்காகத் தமிழ் வினாத்தாளைத் தேடி ஆட்கள் ஓடினார்கள். பக்கத்து நாற்காலிப் பெண் என்னை ஏதோ பெரிய மொழிப் பண்டிதர் என்று நினைத்துக்கொண்டாள். தேறிவிட்டேன், நல்ல மதிப்பெண்.

அந்த வாரமே அரசுத் தொடக்கப் பள்ளி வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. எங்கள் வீட்டில் விதி, சுற்றறிக்கை, அறிவிப்பு எல்லாம் கணவரின் இலாகா. அமைச்சகத்தில் அதைப் படிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். கேஸ் இணைப்பிலிருந்து ரயில் டிக்கெட் வரை அவர் வாசித்துச் சொல்வார், அவர் காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். அன்றும் போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"பன்னிரண்டாம் வகுப்பு."

"இருக்கு."

"ஆசிரியர் பயிற்சி."

"இருக்கு."

"தகுதித் தேர்வு."

"அதான் பாஸ் பண்ணியாச்சே! மேல வாசிங்க."

"பத்தாம் வகுப்புல ஹிந்தியை ஒரு பாடமாப் படிச்சுத் தேறியிருக்கணும்."

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஹிந்தி எங்கே இருந்தது? ஹிந்தி எழுத்தை நான் பார்த்ததே ரயில் நிலையப் பெயர்ப்பலகையில்தான். பிறந்த மாநிலத்தில் இல்லாத பாடத்தை எப்போதோ படித்திருக்க வேண்டும் என்று சொன்னால் நான் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது? அவர் மேலே வாசிக்க வாயெடுத்தார். எனக்கு எங்கிருந்து ரோஷம் வந்ததோ தெரியவில்லை.

"நிறுத்துங்க. ஹிந்திதானே? படிச்சிருதேன். அவங்க பத்தாங்கிளாஸ் புள்ளைங்க படிக்கிறதை நான் படிக்க மாட்டேனா?"

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திறந்தநிலைப் பள்ளியில் ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுத்துப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பணம் கட்டினேன், புத்தகம் வந்தது. வாத்தியார் வேலையை மகளிடம் கொடுத்தேன். அவள் எட்டாம் வகுப்பு. ஊரிலேயே மத்தியப் பாடத்திட்டத்தில் படித்ததால் ஹிந்தி எழுதப் படிக்கத் தெரியும். டெல்லி வந்து மூன்று மாதத்தில் கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு ஹிந்தியிலேயே சண்டை போட ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, மூச் பெண்பால். மீசை பெரிசா இருக்குன்னா படீ ஹைன்னு சொல்லணும்."

"ஏட்டி, மீசை எப்படிட்டி பொம்பளையாகும்?"

"அச்சா, தாடியும் பெண்பால்தான். இதுக்கெல்லாம் ஏன்னு கேக்கக்கூடாது. எழுதும்மா, ஜல்தி!"

பதினோரு வருஷம் நான் பிள்ளைகளிடம் சொன்ன அதே 'கேள்வி கேட்காமல் எழுது' எனக்கே திரும்பி வந்தது. சிரித்துச் சிரித்துப் படித்தேன். குக்கர் விசில் வரும்வரை ஒரு பாடம், துணி காயும்வரை ஒரு பாடம். காய்க்கார பையாவிடம் வெண்டைக்காய்க்குப் பேரம் பேசுவதுகூடப் பாடம்தான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கணவர் சொல் எழுதச் சொல்லிச் சோதிப்பார். ஆபீஸ் ஹிந்தி அவருக்கு அத்துப்படி. தப்பு வந்தால் ஐந்து முறை எழுதச் சொல்வார், நானும் எழுதுவேன். எதிர்வீட்டு டீச்சரைப் பார்த்தால் இப்போது அழுகை வரவில்லை. இரு அம்மணி, நானும் கஞ்சி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

தேர்வு நாளன்று நடந்த கூத்து தனி. காவலாளி என்னைக் கண்டதும் சல்யூட் வைத்து ஊழியர்கள் போகிற வாசலைக் காட்டினார். உள்ளே போனால் ஒரு மேடம் சிரித்தபடி டீ கொடுத்து விடைத்தாள் கட்டு ஒன்றையும் கையில் திணித்துவிட்டார். கண்காணிக்க வந்த டீச்சர் என்று நினைத்துவிட்டார்! பழக்க தோஷம், நானும் கட்டை வாங்கித் தட்டி அடுக்கி எண்ணவே ஆரம்பித்துவிட்டேன். பிறகுதான் ஐயையோ என்று என் நுழைவுச் சீட்டை எடுத்துக் காட்டினேன். அவர் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. இன்னும் மீசை முளைக்காத பையன்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் எழுதினேன், கை வலிக்க எழுதினேன்.

தேறினேன். அன்று வீட்டில் கேசரி. மகள் என் முதுகில் தட்டி, "ஷாபாஷ்" என்றாள். கணவர் கேசரித் தட்டைப் பார்த்தபடியே, "ஏளா, நல்லது, நல்லது" என்றார். ஒரு வாய்தான் சாப்பிட்டார். இனிப்பு கூடிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று கேட்டால், வரும்போது பார்க்கலாம் என்று மழுப்பினார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவர் ஆபீஸ் போனதும் மெட்ரோ ஏறி, ஆள் எடுக்கிற அலுவலகத்துக்கே போய்விட்டேன். விசாரணை ஜன்னலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக நீட்டி, சொந்த ஹிந்தியில், ஒரு வார்த்தை ஆங்கிலம் கலக்காமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார். கடைசியாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"உமர் கித்னீ ஹை, மேடம்?"

வயதைக் கேட்கிறார். முப்பத்தெட்டு என்றேன், பெருமையாகவே சொன்னேன். எங்கள் ஊர்ப் பக்கம் நாற்பத்தைந்து வயதில் அரசு வேலைக்கு ஆணை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு முதல் பேரன் பிறந்ததும் வேலை கிடைத்ததும் ஒரே மாதம். டீச்சர் வேலைக்கு வயது ஒரு தடை என்று என் புத்தியில் எந்த நாளும் ஏறியதில்லை. அந்தப் பெண் சான்றிதழ்களை மெதுவாக அடுக்கி என் பக்கம் தள்ளினார். முப்பது வயது வரைதான் எடுப்பார்கள், உங்கள் வயது எப்போதோ தாண்டிவிட்டது, உங்களிடம் யாருமே சொல்லவில்லையா என்று ஹிந்தியில் கேட்டார்.

ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. ஒரு வருஷம் மல்லுக்கட்டிப் படித்த பாஷையில், யார் உதவியும் இல்லாமல் நானே முழுதாகப் புரிந்துகொண்ட முதல் செய்தி அதுதான். பின்னால் நின்றவர் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லும்வரை அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றேன்.

வீட்டுக்கு வந்து அடுப்புப் பற்ற வைக்கவில்லை. மகள் பள்ளி விட்டு வந்து என்னைப் பார்த்து, புத்தகப் பையோடு ஓரமாக உட்கார்ந்தாள். இருட்டியபிறகு கணவர் வந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"ஏங்க, முப்பது வயசுக்கு மேல எடுக்க மாட்டாங்களாம். உங்களுக்குத் தெரியுமா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுகூட நினைக்கிறேன், ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம்.

"தெரியும்" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"அன்னைக்கு வாசிச்சேன்லா, அப்பவே. ஹிந்திக்கு அடுத்த வரியே அதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தெருவே கேட்டிருக்கும். "அடப்பாவி மனுசா! ஒரு வருசம்! தப்பா எழுதினதை அஞ்சு தடவை எழுதுன்னு சொன்னீங்களே, எதுக்கு? எந்த வேலைக்கு? நான் என்ன எல்.கே.ஜி. புள்ளையா, அழுகையை நிறுத்த மிட்டாயைக் காட்டி ஏமாத்த?"

அவர் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

"நீ வந்ததுலேர்ந்து அழுதுட்டே கெடந்த. சாயங்காலம் கதவைத் திறக்கவே எனக்குப் பயமா இருக்கும். அன்னைக்கு ஹிந்திதானே, படிச்சிருதேன்னு சொன்ன பாத்தியா, அப்பதான் நான் கெட்டிக்கிட்டு வந்த ஆளைத் திரும்பப் பாத்தேன். அடுத்த வரியை வாசிக்க எனக்கு வாய் வரல்ல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நீ புஸ்தகத்தை வச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டு இருந்த."

நான் மகளைப் பார்த்தேன். இந்த மனுஷனைப் பார்த்தாயா என்று அவளிடம் நியாயம் கேட்கத்தான் திரும்பினேன். அவள் பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"எனக்கும் தெரியும்மா" என்றாள். "நான் போன்ல பாத்துட்டேன். அப்பா சொல்ல வேண்டாம்னு..."

இதற்குமேல் அதிர என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. இத்தனை நாளும் ஒருத்தி மீசைக்கும் தாடிக்கும் பால் சொல்லிக்கொடுத்தாள், ஒருவர் என் எழுத்துப் பிழைகளை வட்டம் போட்டுக் காட்டினார். வேலை வராது என்பது இருவருக்கும் தெரியும். அந்த வீட்டில் நான் டீச்சராகப் போகிறேன் என்று நம்பியிருந்தது நான் ஒருத்திதான்.

அப்புறம் அவர்தான் மெதுவாக ஆரம்பித்தார். "பிரைவேட் ஸ்கூல்ல வயசு கேக்க மாட்டாங்க. இப்ப உனக்கு ஹிந்தியும் வருது. நாளைக்கு லீவு போடுதேன், ரெண்டு பேருமாப் போய்..."

"நாளைக்கு உள்ளதை நாளைக்குப் பாப்போம்" என்றேன். "இப்ப எனக்கு அழணும். யாரும் நிறுத்தச் சொல்லாதீங்க."

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். இந்தத் தடவை அவர் ஒன்றுமே செய்யவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டார்.