'வேலை முடிந்தது' என்று ஒரு வரி

மங்கலத்துத் தறிக்காரர் மகன் வேலுமணி, 1970இல் கோயமுத்தூர் நூல்மில் ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் புரோகிராம் எழுதும் வேலைக்குப் போனான். அப்போது ஊரில் அவனுக்கு இருந்த மரியாதை தாசில்தாருக்குக்கூட இல்லை. ஆறு வருஷம் தனி ராஜாங்கம். அப்புறம் சாரதாமணி வந்து சேர்ந்தாள்.

ஓட்டை போட்ட கார்டுகள்தான் அன்று கம்ப்யூட்டருக்குத் தீனி. தப்பான கார்டு வந்தால் அவளுடைய புரோகிராம் நின்றுவிடும். நிற்குமுன், கணக்கு பதிவாகும் டேப்பை ஒழுங்காக மூடி, எத்தனையாவது கார்டில் தப்பு என்றும் அச்சடித்துவிடும். வேலுமணியுடையது நின்றால் டேப் திறந்தபடி கிடக்கும்; அதுவரை எழுதியதும் வீண்.

"அந்தப் பொண்ணு எழுதறதப் பாத்துக் கத்துக்குங்க வேலுமணி" என்றார் மேனேஜர். அவனுக்கு வயிறு எரிந்தது. நேற்று வந்தவளிடமா? வரப்போகும் சீனியர் பதவி அவளுக்குப் போய்விடுமோ என்று சோறு இறங்கவில்லை.

அவளுடையது நிற்கிறதா, நம்முடையது நின்றதாகவே தெரியக்கூடாது என்று வீம்பு பிடித்தான். தப்பு வந்தாலும் வராவிட்டாலும் டேப்பை மூடிவிட்டுப் போகும்படி கடைசியில் சில வரிகள் சேர்த்தான். அதோடு விட்டிருக்கலாம். 'வேலை முடிந்தது' என்று அச்சடிக்கவும் அங்கேயே ஒரு வரி போட்டான். தப்பு நடந்த சேதி அந்த வரியோடு செத்துப்போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

தீபாவளிக்கு முந்தின வாரம், பனியன் கம்பெனிகளுக்கு நூல் அனுப்பும் பட்டியலை அந்தப் புரோகிராம்தான் போட்டது. முந்நூறு கார்டில் நூற்றுப் பன்னிரண்டாவது தப்பு. 'வேலை முடிந்தது' என்று அச்சானது. அந்தக் கார்டுக்கு முன்னால் பட்டியலில் ஏறிய பெயர்களுக்கு மட்டும் லாரிகள் கிளம்பிவிட்டன.

மறுநாள் காலை மில் வாசலில், அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்திருந்த அவன் மச்சானே வந்து நின்றார். "ஏனுங் மாப்ள, மிசினெல்லாம் சும்மா நிக்குது. எங்க நூலு எங்கீங்க?"

சாரதாமணி கார்டையும் பட்டியலையும் பத்து நிமிஷம் ஒப்பிட்டாள். மேனேஜர் முன்னால் தன் மானம் போகப் போகிறது என்று வேலுமணி தலை குனிந்து நின்றான்.

"ஒரு கார்டுல தப்புங்க சார். அண்ணன் டேப்ப நல்லாவே மூடி வெச்சிருக்காருங்க. மிச்சத்த இப்பவே ஓட்டிப்போடலாங்க" என்றாள்.

அந்த ஒரு வரியைப் பற்றி மூச்சு விடவில்லை. பிறகு அவள் அவன் மேஜையில் வைத்த புரோகிராம் தாளில் மட்டும் அது பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது.

சீனியர் பதவி அவளுக்கே போனது. அதைக்கூட வேலுமணி ஒருவாறு பொறுத்துக்கொண்டான். அன்று தன்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தாளே, அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் அப்படி இருந்திருக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். அவளுடைய அந்தக் குணத்தின் மேல் வந்த பொறாமைதான் கடைசிவரை தீரவில்லை.