வான்கோழிக்கு மிளாக் கதை சொன்னவர்கள்

ரப்பர் தோட்டத்துச் சருகில் குப்புறப் படுத்துக்கொண்டு, பெட்டை வான்கோழியின் குரலில், ஒரு சேவல் வான்கோழியை நான் உருக்கமாக அழைத்திருக்கிறேன். எனக்கு அப்போதே ஐம்பது தாண்டிவிட்டது. வங்கியில் கிளை மேலாளர் வேலை. வேட்டை பற்றி மட்டும் ஒரு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன். அந்தக் கோழி காட்டிலிருந்து வந்ததல்ல, என் வீட்டுக் கூட்டிலிருந்து ஓடியது. கூட்டைத் திறந்துவிட்டவனும் நான்தான்.

கோழி என் மனைவியுடையது. சரியாகச் சொன்னால், ஆண்டவருடையது. எங்கள் மகள் நர்சிங் முடித்துவிட்டு, வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலப் பரீட்சையில் தோற்றுத் தோற்றுத் துவண்டிருந்தாள். மனைவி எங்கிருந்தோ ஒரு வான்கோழிக் குஞ்சை வாங்கிவந்து, "இவ பாசானா இது உமக்கு" என்று மேலே பேசி முடித்தாள். மகள் பாசாகி அயர்லாந்துக்குப் போய்விட்டாள். குஞ்சு வளர்ந்து, கழுத்தில் சிவப்பும் நீலமுமாகத் தொங்கவிட்டுக்கொண்டு, யார் தும்மினாலும் 'களகளகள' என்று பதில் சொல்லும் பெரிய சேவலாகிவிட்டது.

எங்கள் கிறிஸ்தவ சபையில் வருஷத்துக்கு ஒருமுறை அறுப்புப் பண்டிகை உண்டு. குலசேகரம் பக்கத்தில் அறுப்பதற்கு வயல் யாருக்கும் இல்லை, எல்லாம் ரப்பர்தான். ஆனாலும் பண்டிகையை விட்டதில்லை. வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, முட்டை, கோழி என்று அவரவர் வீட்டில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். ஒரு பூசணிக்காயை நாலு மடங்கு விலைக்கு எடுத்து, தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில் ஒரு கௌரவம். ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்கு எங்கள் வான்கோழி வருகிறது என்பது பெண்கள் ஐக்கியம் வழியாக ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை காலையில்தான் அது நடந்தது.

மனைவியின் அண்ணன், எனக்கு அத்தான், டெக்சாஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். அங்கே அவர் முறையாக வேட்டைக்குப் போகிறவர். மான், வான்கோழி இரண்டும் சுட்டிருக்கிறார். எனக்காக அவர் கொண்டுவந்த பரிசு ஒரு சின்ன மரப்பெட்டி. அதன் மூடியை விளிம்பில் உரசினால் பெட்டை வான்கோழி கூப்பிடுகிற சத்தம் வரும். எண்ணெய் காணாத கீல் போலத்தான் எனக்குக் கேட்டது. "காட்டுல இத உரசினா, எங்க நின்னாலும் சேவல் மயங்கி முன்னால வந்து நிக்கும், மாப்ள" என்றார். அவர் குளிக்கப் போனதும் நான் கூட்டருகே போய் உரசிப் பார்த்தேன். கோழி தலையைச் சாய்த்தது. மயக்கத்தின் முதல் நிலை என்று எடுத்துக்கொண்டேன். முன்னால் வந்து நிற்கிறதா என்று பார்க்கக் கதவைத் திறந்தேன். என் தோளுக்கு மேலாகப் பறந்து, மதிலைத் தாண்டி, பின்புறத்து ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கி ஓடியது.

சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தையே பார்த்தபடி நின்றாள்.

"கோட்டாறு சந்தையில வேற ஒண்ணு வாங்கிரலாம்" என்றேன்.

"வாங்கி? ஆண்டவருக்கு ஆள்மாறாட்டமா? நான் சொன்னது இந்தக் கோழியை. இஞ்ச பாருங்க, சாயங்காலத்துக்குள்ள அது கூட்டுல இருக்கணும். காணிக்கையில கொறவு வரப்படாது. கல்லெறிஞ்சு பிடிச்சோம், கால ஒடிச்சுப் பிடிச்சோம்னு வந்தியளோ, நான் நாளைக்குக் கோயிலுக்கே போகமாட்டேன். ஒரு தூவல் உதிரப்படாது."

தூவல் என்றால் இறகு. இந்த நிபந்தனையோடு உலகத்தில் எந்த வேட்டையும் நடந்ததாக என் அலமாரியில் குறிப்பில்லை.

நல்லவேளையாக எனக்கு வேட்டைக்கார நண்பர்கள் இருந்தார்கள். சந்தை முக்கில் ரப்பர் ஷீட் கடை ஒன்று உண்டு. புகை போட்ட ஷீட்டின் புளித்த வாடையில் மாலைதோறும் நாங்கள் கூடுவோம். கடைக்காரர் அய்யா வழிக்காரர், கறி தொடமாட்டார். அவர் கதைகளில் மட்டும்தான் மிருகங்கள் சாகும். இன்னொருவர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர். கோழி ஓடிய தோட்டம் அவருடையதுதான். கடமானை எங்கள் பக்கத்தில் மிளா என்போம். பேச்சிப்பாறைக்கு மேலே மிளா விழுந்த கதைகள் இருவரிடமும் ஏராளம். சட்டம் இருப்பதால் சுட்டது யார் என்பது மட்டும் கதைக்குள் வராது. "ஒருத்தன் வச்சான் பாருங்க ஒரு வெடி" என்பார்கள். அந்த ஒருத்தன் எப்போதும் இறந்துபோனவனாக இருப்பான்.

முந்தின நாள்தான் அத்தானை அங்கே கூட்டிப்போயிருந்தேன். டெக்சாஸில் மான் சுட லைசென்ஸ் வேண்டும், ஒருவருக்கு இத்தனைதான் என்று அட்டை தருவார்கள் என்று அவர் சொன்னபோது கடைக்காரர் நம்பவில்லை.

"மானுக்கு டோக்கனா? ரேஷன் கடைபோலயா?"

"அப்பிடித்தான்."

"பின்ன அதுல என்ன வேட்டை? வரிசையில நின்னு வாங்கிட்டு வரவேண்டியதுதானே?"

செய்தி சொல்லி அனுப்பியதும் இருவரும் வந்துவிட்டார்கள். பட்டாளத்தார் பச்சைத் தொப்பி போட்டிருந்தார். அத்தான் டெக்சாஸ் சட்டையை மாட்டினார், இலையும் கிளையும் அச்சடித்தது. ரப்பர் இலை உதிர்கிற மாதம் அது. பால்வெட்டு நிறுத்தியிருந்ததால் தோட்டத்தில் ஆளில்லை. மரமெல்லாம் மொட்டை, தரையெல்லாம் காய்ந்த இலை. காலை எங்கே வைத்தாலும் பப்படம் நொறுங்குகிற சத்தம். மொட்டை மரங்களுக்கு நடுவே இலைச்சட்டை போட்ட அத்தான் ஒருவர்தான் பசுமையாகத் தெரிந்தார்.

பட்டாளத்தார் குச்சியால் மண்ணில் வரைந்து மூன்று மூலைக்கு மூன்று பேர் என்று பிரித்தார். நடுவில் என்னைப் படுக்கவைத்துக் கையில் மரப்பெட்டியைக் கொடுத்தார்கள். நான் உரசினேன். கெஞ்சலாக, கோபமாக, ஏக்கமாக, வாசித்த புத்தகங்களெல்லாம் நினைவுக்கு வர உரசினேன். எறும்புகள் மட்டும் வந்தன.

கடைசியில் கடைக்காரர் தன் மூலையிலிருந்து எழுந்துவந்து கேட்டார். "மேனேஜர் சாரே, உங்க கோழி பொறந்தபிறகு பெட்டை வான்கோழியக் கண்டதுண்டா?"

யோசித்தேன். ஒரு வாத்து, சில நாட்டுக் கோழிகள், பெண்கள் ஐக்கியத்தார். வேறு பெண்களை அது கண்டதில்லை.

"பின்ன எந்தப் பாஷையில கூப்பிடுதியன்னு அதுக்கு எப்பிடி வெளங்கும்?"

அத்தான் முகம் சுருங்கிவிட்டது. மனைவி கொடுத்தனுப்பிய பிளாஸ்க்கைத் திறந்து எல்லோரும் உட்கார்ந்தோம். வேட்டைக்காரர்கள் உட்கார்ந்தால் சும்மா இருப்பதில்லை.

பட்டாளத்தார் ஆரம்பித்தார். "இப்பிடித்தான் ஒருக்க, மாறாமலை அடிவாரத்துல. ஒரு மிளா, கொம்பு இந்தா இம்புட்டு. ஒருத்தன் மூச்சப் பிடிச்சிட்டு நிக்கான். மிளா திரும்புது. வச்சான் பாருங்க, டமார்!"

'களகளகள' என்று இடதுபுறத்திலிருந்து பதில் வந்தது.

நாங்கள் அப்படியே உறைந்தோம். "ஓய், இன்னொருக்க சொல்லும்" என்றார் கடைக்காரர் கிசுகிசுப்பாக.

"டமார்!"

'களகளகள.'

அத்தானுக்கு உயிர் வந்தது. "அங்கயும் இப்பிடித்தான். இடி இடிச்சாலும், லாரிக் கதவ அடிச்சாலும் சேவல் தன்னால பதில் சொல்லும்." திட்டம் மாறியது. பட்டாளத்தார் உட்கார்ந்தபடி உரக்கக் கதை சொல்ல வேண்டும். கோழி பதில் சொல்லச் சொல்ல, மற்ற மூவரும் அந்தத் திசையில் பைய நகர வேண்டும். யாரும் வாய் திறக்கக்கூடாது.

திட்டத்தில் பிழையில்லை, ஆட்களிடம்தான் பிழை. பட்டாளத்தார் அந்த மிளாவின் எடையைச் சொன்னதும், புதருக்குப் பின்னால் மூச்சடக்கி நகர்ந்துகொண்டிருந்த கடைக்காரரால் பொறுக்க முடியவில்லை. "ஓய், அது மிளா இல்ல, கேழையாக்கும்! நானும் உண்டும் அன்னிக்கு!" என்று கத்திவிட்டார். கேழை என்பது ஆட்டளவு இருக்கிற சிறிய மான். மிளாவைக் கேழை என்பது பட்டாளத்தாரைச் சிப்பாய் என்பதைப் போல.

"கேழையா? நீரு அன்னிக்கு ஜீப்புல உறங்கிட்டுல்லா கெடந்தீரு!"

"ஜீப்பா? ஜீப்பு ஏது? நடந்துல்லா போனோம்!"

கோழி எங்கள் மூவருக்கும் நடுவாக ஓடி மறுபக்கம் போய்விட்டது. அடுத்த முறை கடைக்காரர் கதை சொன்னார், பட்டாளத்தார் ஊர்ந்தார். பாதி வழியில் அவர் எழுந்து நின்று, அந்த வருஷம் அணையில் தண்ணீரே இல்லை, பின் மிளா எப்படி நீந்தியது என்று கேட்டார். அத்தானின் டெக்சாஸ் கதையில் இருவருமே சேர்ந்து குறுக்கிட்டார்கள். ஒரு வேட்டைக்காரன் சொல்வதை இன்னொரு வேட்டைக்காரன் மறுக்காமல் கேட்டான் என்பது நடக்காத காரியம். கோழி பிடிபடாமல் போனாலும் சரி, கொம்பின் நீளத்தில் விட்டுக்கொடுக்க முடியாது.

வெயில் சாய ஆரம்பித்தது. மதில் பக்கம் பார்த்தேன். மனைவி கூட்டைக் கழுவி, புது வைக்கோல் போட்டுவிட்டு, காலிக் கூட்டின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு என்னவோ போல இருந்தது.

"நான் கதை சொல்லுதேன்" என்றேன். மூவரும் சந்தேகமாகப் பார்த்தார்கள். "என் கதையில மறுக்க ஒண்ணும் இருக்காது. நீங்க போங்க."

உரத்த குரலில் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், புத்தகமும் பைனாகுலருமாகத் தனியாகக் கீரிப்பாறைப் பக்கம் காடு பார்க்கப் போனேன். புதருக்குள் கருப்பாக ஒரு பெரிய முதுகு. காட்டுப்போத்து, அதாவது காட்டெருமை! ஓடக்கூடாது, உயரத்தில் ஏறவேண்டும் என்று வாசித்திருந்தேன். ஒரு பாறையில் ஏறினேன். அது கீழே வந்து நின்றது. அசையாமல், கண்ணோடு கண் பார்த்து, அரைநாள் பாறைமேல் இருந்தேன். தண்ணீர் இல்லை. வெயில். வீட்டுக்கு எழுதும் கடைசிக் கடிதத்தை மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு அம்மாள் பாத்திரத்தோடு வந்து, அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, பால் கறக்க ஆரம்பித்தாள். முடித்துவிட்டு மேலே பார்த்து, "சாரே, எருமையப் பாத்ததே இல்லியா?" என்றாள்.

முதலில் பட்டாளத்தார் வெடித்தார். ஊர்ந்துகொண்டிருந்த இடத்திலேயே மல்லாந்து விழுந்து சிரித்தார். கடைக்காரர் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தான் சிரிப்பு டெக்சாஸுக்கே கேட்டிருக்கும். அத்தனைக்கும் கோழி பதில் சொன்னது. சொல்லிச் சொல்லி வெளியே வந்தது. இத்தனை பேர் தன்னைப் பாராட்டுவதாக நினைத்ததோ என்னவோ, வாலை விசிறிபோல விரித்து, நெஞ்சை முன்தள்ளி, சருகில் இறகு உரச, எனக்கு நேராக நடந்து வந்தது. என் வாழ்க்கையில் ஒரு மிருகம் என்னைத் தேடி வந்தது அப்போதுதான்.

அத்தான் பின்னாலிருந்து இலைச்சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டார். மெதுவாகத்தான் போட்டார். ஆனால் சிரிப்பு அடங்காத பட்டாளத்தார் அதே சமயத்தில் பாய்ந்து வாலைப் பிடித்தார்.

இரண்டு தூவல் அவர் கையோடு வந்துவிட்டது.

ஊர்வலமாகத் திரும்பினோம். மனைவி கோழியை வாங்கி மடியில் வைத்து, கால், சிறகு, கழுத்து எல்லாம் தடவிப் பார்த்தாள். வாலுக்கு வந்தபோது கை நின்றது. பட்டாளத்தார் தூவல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். சீன எல்லையில்கூட அவர் அப்படி நின்றிருக்க மாட்டார்.

"அண்ணே, ஒட்டவா போறீங்க? குடுங்க" என்று பட்டாளத்தாரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடி ஜெபித்தாள். பிறகு, "சொல்லிட்டேன். வேணும்னு செய்யலன்னு சொல்லிட்டேன்" என்று எழுந்து, கோழியைக் கூட்டில் விட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் அவளே அதைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். முற்றத்தில் ஏலம் கூறியவர், வால் கொஞ்சம் கோணலாக இருப்பதைப் பார்த்து, "ஓட்டத்துல பழகின கோழி, கறி உறுதியா இருக்கும்!" என்று விலையை ஏற்றினார். வனத்துறையில் காவலராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் சபைக்காரர் ஒருவர் ஏலத்தில் எடுத்தார். கறிக்கு இல்லை, பேரப்பிள்ளைகள் வளர்க்கட்டும் என்றார். மனைவி அன்று வீடு வரைக்கும் பாடிக்கொண்டே வந்தாள்.

அந்த வாரத்தில் ஒரு மாலை அந்தக் காவலர் ஷீட் கடைக்கு வந்தார். கோழியைப் பிடித்த கதையைக் கேட்க வந்ததாகச் சொன்னார். மறுப்பே இல்லாமல் ஒற்றுமையாக, ஆளுக்கொரு துண்டாகச் சொன்னோம். வியூகம், சருகு, மறிக்க மறிக்க அது ஓடியது, நாலு பேராக ஒரு பகல் முழுக்கப் பாடுபட்டு இருட்டுவதற்குள் பிடித்தது. உற்சாகத்தில் கடைக்காரர், அந்தக் காலத்தில் மிளா வேட்டையிலும் இதே கூட்டாளிகளும் இதே முறையும்தான் என்று சொல்லிவிட்டார். பட்டாளத்தார் அவர் காலை மிதித்தார். முன்னால் இருப்பவர் எந்தத் துறை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

காவலர் கட்டஞ்சாயாவைக் குடித்து முடித்து, தம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ மிளாவெல்லாம் சொகமாத்தான் இருந்திருக்கும். நான்தான் இத்தன வருஷமும் காவலுக்குன்னு வீணா மலை ஏறிட்டேன்."