மிஞ்சிய சுரம்

இந்த ஊரில் நான்கு பேர் சேர்ந்து ஒரு பாட்டைப் பாடினால் நான்கு பேரும் நான்கு விதமாகப் பாடுகிறார்கள். யாரும் யாரையும் திட்டுவதில்லை. நம் ஊரில் இருக்கும் நீங்கள் கேட்டால் சிரிப்பீர்கள். சிங்கப்பூர், துபாய் என்று சுற்றி இங்கிலாந்துக்கு வந்த நான், ஒரு மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே நான்கு பேர் வாத்தியம் இல்லாமல் பாடுவார்கள். பார்பர்ஷாப் என்று பெயர். 2010இல் அவர்களில் ஒருவர் ஊரைவிட்டுப் போனார். துடைத்துக்கொண்டே நான் முனகுவதைக் கேட்டிருந்த, மீதி மூவரில் ஒருவரான தபால்காரர் டெரெக், அந்த இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார். அதுவரை இங்கே என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

கடலூர் செம்மண்டலத்தில் நாங்களும் நான்கு பேர். சேகர், இன்னும் இரண்டு நண்பர்கள், நான். ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டு பஜனை பாடத் திரிந்தேன். சாவு வீடுகளுக்கு சிதம்பரம் வரை கூப்பிடுவார்கள். பாடை எடுக்கும்வரை பாடுவோம். நான்கு வாயும் ஒரே குரலாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். “டேய், நான் போறப்ப நீங்க நாலு பேரும் பாடணும். ஒருத்தன் கொறஞ்சாலும் எழுந்து வந்துடுவேன்” என்பார் அப்பா.

இங்கே எனக்குக் கிடைத்தது பாரிடோன் என்னும் இடைக்குரல். மற்ற மூவரும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய சுரங்கள். தனியாகப் பாடினால் அது பாட்டாகவே இராது. பாட்டின் மெட்டைப் பாடுவது டெரெக். நானோ இரண்டாவது அடியிலேயே அவர் மெட்டில் போய் ஒட்டிக்கொள்வேன். “நான் பாடுவதைக் கேட்காதே” என்றார். என் குரல் பிடிக்கவில்லை என்று நினைத்து வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அவர் சிரித்தபடி இழுத்துவந்து, என் கையாலேயே என் ஒரு காதைப் பொத்தவைத்தார். ஆறு மாதத்தில் மெட்டிலிருந்து விலகி நிற்கப் பழகிவிட்டேன்.

அப்பா செத்த செய்தி ஒரு காலையில் வந்தது. விசா முடிந்திருந்தது. போனால் திரும்ப முடியாது. போகவில்லை. சேகர் செல்போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் தலைமாட்டில் வைத்தான். “மச்சான், மாமா சொன்னது ஞாபகம் இருக்குல்ல? நாங்க எடுக்குறோம், நீயும் சேந்துக்க. போன் இழுக்குது, மெதுவா பாடு.”

பாடினேன். கை தானாக ஒரு காதைப் பொத்தியிருந்தது. குரல் மெட்டில் இறங்காமல் பக்கத்தில் எங்கோ நின்றது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. “யார்றா அது, சாவு வூட்ல வெளாட்டு காட்றது?” என்று ஒரு குரல் கேட்டது. சேகர் மெல்லச் சொன்னான்: “மச்சான், சுதி சேரல. அவுங்கல்லாம் ஒரு மாதிரியா பாக்குறாங்க. நீ சும்மா கேட்டுக்கிட்டு இரு.”

மூன்று பேர் பாடித்தான் அப்பாவைத் தூக்கினார்கள். அவர் எழுந்து வரவில்லை.

அடுத்த செவ்வாய் டெரெக் பாட்டை எடுத்ததும், நான் நேராக அவர் மெட்டில் போய் விழுந்தேன். மூவரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். காதைப் பொத்தத் தூக்கிய கை பாதியில் நின்றது. யாரைக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.