அவர் தோற்றுத் திரும்பிய காலை

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து கொஞ்ச காலத்துக்குப் பிறகு, மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் என்றார்கள். மலாக்காவைத் தொகுதி தொகுதியாகப் பிரித்தார்கள். எங்கள் காஜா பெராங்கும் அதில் ஒன்று. வெள்ளைக்காரன் ஆண்டபோது, எங்கள் தெருவுக்காக யார் பேச வேண்டும் என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. இப்போது கேட்டார்கள். என் வீட்டுக்காரர், "நானே நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்து நின்றார்.

சாலையோரத்தில் அவருக்குச் சைக்கிள் கடை. மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். வீடுகளுக்குப் பின்னால் ஓடிய லோங்காங், மழை கொட்டினால் நிரம்பி, சாக்கடைத் தண்ணீரை அடுப்படி வரைக்கும் கொண்டுவந்துவிடும். அதை வெட்டி ஆழப்படுத்தச் சொல்லி ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கியவர் அவர். கடையில் கூடும் இளைஞர்கள், "நீங்களே நில்லுங்கண்ணே, உங்களத் தெரியாதவன் யாரு?" என்று ஏற்றிவிட்டார்கள். கட்சி கிடையாது, சுயேச்சை.

"ஜெயிச்சிட்டா என்னங்க செய்வீங்க?" என்று கேட்டேன்.

"லோங்காங்க வெட்டுவேன்."

"அப்புறம்?"

கொஞ்சம் யோசித்தார். "அத அப்புறம் பாத்துக்கலாம்லா."

காஜா பெராங் என்றால் மலாயில் சினம் கொண்ட யானை. இளைஞர்கள் அதையே கோஷமாக்கி, கத்திக்கொண்டு முன்னால் போவார்கள். பின்னால் போகும் இந்த மனிதரோ வீட்டுப் பூனையைக்கூட அதட்டாதவர். முதல் கூட்டத்தில் பெட்டி மேல் ஏறியதும் அவருக்குப் பேச்சு மறந்துவிட்டது. மூன்று மொழியில் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். ஜனங்கள் கைதட்டினார்கள். அதற்கும் மறுபடி நன்றி சொன்னார். அடுத்தடுத்த கூட்டங்களில் லோங்காங்கைப் பற்றி மட்டும் பேசப் பழகிக்கொண்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. விடிந்தால் வாசலில் ஆட்கள். ஒருவருக்குக் குடியுரிமைப் பத்திரம் கிடைக்கவில்லை. இன்னொருவருக்குப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். ஓர் அம்மாள் மருமகளைத் திருத்தித் தரச் சொல்லி வந்தாள். "இன்னும் ஜெயிக்கவே இல்லையே" என்று நான் சொன்னால், "ஜெயிச்சபிறகு எங்கள எங்க பாக்கப் போறாரு?" என்பார்கள். அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தூக்கம் போயிற்று. சோற்றில் கை வைத்தபடி எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். கடையில் பாதி நாள் பூட்டு. சட்டைக் கழுத்து தொளதொளவென்று தொங்கியது.

ஓட்டுப் போடும் நாளில் நானும் வரிசையில் நின்று போட்டேன். வாழ்நாளில் அதுதான் என் முதல் ஓட்டு. அவருக்குத்தான் போட்டேன், வேறு யாருக்குப் போடுவேன்? ஆனால் திரும்பும் வழியில் கோயிலில் நின்று, 'தாயே, இந்த மனுஷனை எனக்குத் திருப்பிக் கொடு' என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் வெளுத்ததும் பக்கத்து வீட்டு அக்கா வந்து என்னோடு வாசலில் உட்கார்ந்தாள். அவள் செட்டி கம்பத்துப் பெண், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிகளின் வழி. எங்கள் சாமிதான் அவளுக்கும், ஆனால் தமிழ் வராது. நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். சிறிது நேரத்தில், ராத்திரி முழுக்க ஓட்டு எண்ணும் இடத்தில் இருந்த அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனையில் வந்தார். முகம் தெரியவில்லை. நான் எழுந்து நின்றேன்.

கிட்டே வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தினார். "தோத்துட்டேன்" என்றார். "நல்லாவே தோத்துட்டேன்."

முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், தோள் குலுங்க. எனக்கும் அடக்க முடியவில்லை. அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "காலா?" என்று கேட்டாள். தோல்வியா என்று. நான் தலையாட்டியதும் நெஞ்சில் கை வைத்து, "நசிப் பாய்க்" என்றாள். நல்ல வேளை!

"பசிக்குது. சோறு இருக்கா?" என்றார் அவர். பழைய சோறும் கருவாடும்தான் இருந்தது. தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

அந்த வாரமே ஜெயித்தவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் எதிர்பார்க்கவில்லை. "கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு லோங்காங்கப் பத்தியே பேசுனீங்களாமே, அதக் காட்டுங்க" என்றார். இருவரும் கால்சட்டையை மடித்துக்கொண்டு பின்பக்கம் இறங்கினார்கள். வேலை உடனே நடக்கவில்லை, பாதியில் நின்று நின்றுதான் நடந்தது. ஆனாலும் கேட்க ஒருவர் இருந்தார். வாசலுக்கு வருகிறவர்களை அவரிடம் போகச் சொல்லி என் வீட்டுக்காரர் வழி காட்டிவிடுவார்.

அதெல்லாம் பிறகு. அவர் தோற்று வந்த அன்று, கடையைத் திறக்காமல் மத்தியானம் வரைக்கும் தூங்கினார். நானும் அடுப்பை மூட்டாமல், கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்திலேயே படுத்துவிட்டேன். யாரோ கதவைத் தட்டினார்கள். நாங்கள் எழுந்திருக்கவில்லை.