கவ்வாத்து மாதத்து மத்தியானங்கள்

என் மூத்த மகள் நடக்கப் பழகியது ஒரு கவ்வாத்துக் காலத்தில். வேறு எந்தக் காலத்தில் பழகியிருந்தாலும் எனக்கு இத்தனை பாடு வந்திராது என்று இன்றைக்கும் சொல்வேன்.

அப்போது நாங்கள் இலங்கை மலையகத்தில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். விடியற்காலையில் ஆட்கள் எல்லாரும் கூடுகிற பெரட்டில் கங்காணி ஆள் பிரித்துவிட்டதும் பெண்கள் கூடையோடு கொழுந்து மலைக்குப் போவார்கள், ஆண்கள் நாங்கள் கத்தியோடு கவ்வாத்து மலைக்குப் போவோம். ஓங்கி வளர்ந்த தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற வேலை. ஆளுக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுப்பார்கள், அதை முடித்தால் அன்றைக்கு விடுதலை. கை வேகமான ஆள் ஒரு மணிக்கெல்லாம், ஒரே கூரைக்கடியில் வரிசை அறைகளான எங்கள் லயத்துக்குத் திரும்பிவிடலாம். எனக்கு வேகமான கை. அதுவே எனக்கு வினையாயிற்று.

பெண்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. என் மனைவி சாயங்காலம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுத்தான் வீடு வருவாள். பிள்ளை கைக்குழந்தையாக இருந்தவரை மலையோரத்து மரத்தில் ஏணை கட்டி அதில் போட்டுவிட்டுக் கொழுந்தெடுத்தாள். நடை வந்த பிறகு அந்தப் பிசாசு ஏணையில் கிடக்குமா? காலையில் லயத்துக் கடைசிக் காம்பராவில் பிள்ளை பார்க்கிற அம்மாளிடம் விட்டோம். அவளிடம் ஏற்கெனவே ஒரு பட்டாளம் இருந்தது. "நடக்குற புள்ளைய மத்தியானம் வரைக்கும்தான் பாப்பேன். அதுக்கு மேல தகப்பன் சும்மாதானே வந்து கெடக்குறாரு" என்று அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

சும்மாவாம்! குனிந்தே நின்று வெட்டியதில் இடுப்பு கழன்று தனியாக வருகிற மாதிரி இருக்கும். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து எரியும். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு சாக்கும் ஒரு மணிநேரத் தூக்கமும்தான். அவளுக்கோ அப்போதுதான் பொழுது விடிந்திருக்கும். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கள்ளுக்கடையிலிருந்து வருகிறவர் போல, வாசல் திண்ணையான இஸ்தோப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடப்பாள். ஐந்தடிக்கு ஒருமுறை விழுவாள். அழமாட்டாள், எழுந்து மறுபடி நடப்பாள். அடுப்புச் சாம்பலை அள்ளித் தின்பாள். தண்ணீர்ப் பானைக்குள் செருப்பைப் போடுவாள். "ஏ பாப்பா, வா இங்க" என்று கூப்பிட்டால் போதும், அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தபடி எதிர்ப்பக்கம் ஓடுவாள். துரத்தினால் இன்னும் கொண்டாட்டம். நான் கண்ணை மூடினேனோ, ஓடிவந்து மார்மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் இமைகளைப் பிரித்துத் திறந்துவிடுவாள். பிள்ளைகள் கண்ணில் விரலை விட்டு ஆட்டுவதாகச் சொல்வார்களே, என் மகள் அதை அப்படியே செய்தாள். எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கவ்வாத்துக்காரனுக்கு லயத்துக்கு வந்ததும் ஒரு வேலை பாக்கி உண்டு, மறுநாளைக்குக் கத்தி தீட்டவேண்டும். மழுங்கிய கத்தி தண்டைப் பிளந்துவிடும், கங்காணி நான் பிறந்த ஊர் வரைக்கும் இழுத்துத் திட்டுவார். முழங்கை நீளத்துக்கு முனை வளைந்த கத்தி அது. தீட்டி முடித்ததும் தகரக் கூரைக்கடியில், உத்திரத்தில் செருகிவிடுவேன். ஒரு நாளும் தவறியதில்லை.

அன்றைக்குத் தவறினேன். பிள்ளை என் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிக்க, காலைக்கும் மத்தியானத்துக்கும் சேர்த்து அலுப்புத் தட்ட, இஸ்தோப்பில் தீட்டுகல்லின் பக்கத்திலேயே கத்தியை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். கண்ணை ஒரு நிமிஷம் மூடித் திறப்போம் என்றுதான் நினைத்தேன்.

தரையில் எதுவோ உரசுகிற சத்தம் கேட்டு விழித்தேன். என் மகள் கத்தியை இழுத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். பிடி அவள் கையில், வளைந்த முனை அவள் காலை ஒட்டியே வந்தது. இஸ்தோப்பின் விளிம்புக்கு இன்னும் ஏழெட்டு அடி இருக்கும். அதற்குக் கீழே, மழைத்தண்ணீர் ஓடுகிற, கருங்கல் கட்டிய கான்.

எழுந்து ஓடலாம் என்று உடம்பு துடித்தது. ஓடினால் அவளும் ஓடுவாள், ஐந்தாவது அடியில் அந்தக் கத்திமேலேயே விழுவாள். கூப்பிட்டாலும் ஓடுவாள். அடுத்த காம்பராக்களில் ஆண்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள், ஒருவரைச் சத்தம்போட்டு எழுப்பக்கூட எனக்கு வழியில்லை. ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அவளுக்குத் தெரியும்படி மெதுவாகத் தரையில் நீட்டிப் படுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பொய்யாக ஒரு குறட்டையும் விட்டேன்.

உரசல் நின்றது. பிறகு என் பக்கமாகத் திரும்பி வந்தது. கண்ணைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. என் விலாவில் ஜில்லென்று இரும்பு பட்டது. ஒரு சின்னக் கை மட்டும் என் இடது கண்ணைத் தோண்டியது. நான் திறக்கவில்லை. இன்னொரு கையும் வேண்டும், சாமி, இன்னொரு கையும் வேண்டும் என்று உள்ளுக்குள் கதறினேன். தரையில் டங்கென்று சத்தம் கேட்டது. இரண்டு கையும் என் முகத்துக்கு வந்தன.

அவளை அள்ளி அணைத்துக்கொண்டேன். ஒரு கீறல் இல்லை. கத்தியை உதைத்துத் தூரத் தள்ளினேன். அதற்குப் பிறகு நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. பயம் தெளிந்ததும் கோபம் வந்தது, என்மேல் வரவேண்டிய கோபம். அவள் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். அவள் அழக்கூடத் தெரியாமல் சற்றுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகுதான் அழுதாள்.

சாயங்காலம் மனைவி வந்தாள். தூறலில் நனைந்த சேலையோடு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தவள், தொடையில் என் விரல்கள் நாலும் பதிந்திருந்ததைப் பார்த்துவிட்டாள். எதையும் மறைக்க முடியவில்லை. தூங்கியது, கத்தி, அடித்தது எல்லாவற்றையும் சொன்னேன். இன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

அவள் திட்டவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "போன ஞாயித்துக்கெழம நீங்க கடைக்குப் போயிருந்தப்ப, ஒலை வச்சுட்டு நானும் அசந்துட்டேங்க. முழிச்சுப் பாக்குறேன், இவ கான்ல கெடக்குறா. தண்ணி இல்லாததால பொழச்சா."

"எங்கிட்ட ஏன் புள்ள சொல்லல?"

"சொன்னா அடிப்பீங்கன்னு சொல்லல."

நான் உன்மேல் ஒருநாளாவது கை நீட்டியதுண்டா என்று கேட்க வாயெடுத்தேன். பிள்ளையின் தொடை கண்ணில் பட்டது.

அவள் எழுந்தாள். இன்னும் அடுப்பு மூட்டவேண்டும், மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலியில் தண்ணீர் பிடிக்கவேண்டும். "நாளைக்கு மத்தியானமும் நீங்கதாங்க பாக்கணும். நமக்கு வேற யாரு இருக்கா?" என்றாள். குரலில் கோபமே இல்லை, களைப்பு மட்டும்தான். "இந்தாங்க, புடிங்க இவள" என்று பிள்ளையை என்னிடம் நீட்டினாள்.

நான் கையை நீட்டினேன். என் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாயின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள்.